தராசக்காவும் பதினாறு தொட்டில்களும்

ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் நல்லவரா கெட்டவரா என்று சொல்லிவிடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களை நம்பக் கூடாது என்பது என் கட்சி. தராசக்கா அந்த வம்புக்கெல்லாம் போக மாட்டாள். வருகிற ஆள் எத்தனை கிலோ என்று மட்டும் பார்ப்பாள். பார்த்ததை வெளியே சொல்லவும் மாட்டாள். ஒரு கிலோ முன்னே பின்னே இருந்ததுண்டு, மூன்று கிலோ தவறியதாகச் சரித்திரமே இல்லை. அதாவது, ராட்டினத்துக்கு அனுமதி கேட்டு ஆய்வாளரை வரவழைத்த அந்தக் காலை வரைக்கும் இல்லை.

அவள் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் பார்க்கின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஊரின் இரும்பாலை, உலையில் மிஞ்சிய கசடை ஒரே இடத்தில் வருஷக்கணக்காகக் கொட்டிக்கொண்டே இருந்தது. மேடு குன்றானதும் ஒரு மேலாளருக்கு உறுத்தியது போலிருக்கிறது. அதைச் சமப்படுத்தி, சுற்றி வேலி போட்டு, 'தொழிலாளர் குடும்பப் பொழுதுபோக்குப் பூங்கா' என்று பலகை மாட்டினார். அந்தப் பெயரை முழுசாகப் படித்தவர் பலகை எழுதிய பெயிண்டர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது பார்க். அங்கே புல் முளைத்ததே இல்லை. போய் வந்த பிள்ளைகளின் கால் கறுப்பைத் தேய்த்துக் கழுவும்போதெல்லாம் அம்மாக்கள் அந்த மேலாளரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அடுத்த வாரம் அவர்களே பிள்ளைகளுக்கு முன்னால் கிளம்பி நின்றார்கள்.

வாங்கிப் போட்ட சாமான் என்று பார்க்கில் அநேகமாக எதுவும் கிடையாது. ஆலைப் பட்டறையில் மிச்சம் மீதியாகக் கிடந்ததை வைத்துத் தொழிலாளர்களே செய்துகொண்டார்கள். தாதுக்கல் சுமந்து ஓய்ந்த ஏழு தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கட்டிச் சின்ன ரயில் ஆக்கினார்கள். ஆலை இயந்திரங்களைக் குளிர வைத்துவிட்டு வெளியேறும் தண்ணீரைத் தேக்கிப் படகுக் குளம் ஆக்கினார்கள். அந்தத் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் படகில் போகிறவர்கள் துடுப்பைப் போட்டுவிட்டுக் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாள் முழுக்க மூன்று ஷிப்ட் ஓடும் ஊர் அது. காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்குச் சங்கு ஊதினால், குளித்த ஈரம் காயாத தலையோடு ஜனம் வந்து சேரும்.

எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றது ராட்டினம். அறுபது அடி உயரம், பதினாறு தொட்டில். அதன் அச்சுத்தண்டு, ஆலை தனக்கு உதவாது என்று ஒதுக்கித் தள்ளியது. ஒதுக்கித் தள்ளியது கொஞ்சம் கோணல் புத்தியோடுதானே இருக்கும்? ஒரு பக்கம் கனத்துவிட்டால் ராட்டினம் முரண்டு பிடிக்கும். நிறுத்தினால் நிற்காது, கனத்த பக்கமாகப் பின்னால் நழுவும். அதனால் ஒரு தொட்டிலில் இரண்டு பேரை ஏற்றினால், நேர் எதிர்த் தொட்டிலில் அதே கனத்துக்கு ஆள் வேண்டும். வரிசையில் முதலில் நிற்பவரை முதலில் ஏற்றுகிற நியாயமெல்லாம் அங்கே செல்லாது. ஏற்றுகிற ஆளுக்குக் கண்ணிலே தராசு வேண்டும்.

அந்த வேலைக்கு இருபத்தேழு வயதில் வந்தவள்தான் இவள். அதற்கு முன் ஐந்து வருஷம் ஆணி கட்டும் பிரிவில் இருந்தாள். ஒரு கை அள்ளினால் ஒரு கிலோ ஆணி. இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பதெல்லாம் மேற்பார்வையாளரின் மனத் திருப்திக்கு. கைக்குத் தெரிந்தது சீக்கிரமே கண்ணுக்கும் தெரிந்துபோனது. ராட்டினத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே ஊர் அவளுக்குத் தராசு என்று பட்டம் கட்டியது. கொஞ்சம் வயது ஏறியதும் மரியாதைக்கு ஓர் அக்கா ஒட்டிக்கொண்டது.

"நீங்க வாங்க. நீங்க இருங்க. அந்தப் பச்சைச் சட்டை, நீங்க எதுத்தாப்புல போங்க" என்பாள். ஏன் எதற்கு என்று சொல்ல மாட்டாள். பத்து வருஷம் முகத்தில் முழிக்காத அண்ணனையும் தம்பியையும் எதிரெதிர்த் தொட்டிலில் உட்கார வைத்துவிடுவாள். அவளுக்குக் கிலோதான் கணக்கு, கோபதாபம் கணக்கில்லை. போகப் போக, ஆளைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் பிரிவு என்று தெரிந்தால் போதும். உலைக்காரர்கள் எண்பதுக்குக் குறைய மாட்டார்கள். ஆணிப் பிரிவுப் பெண்கள் ஐம்பது. ஆபீஸ் ஆட்களுக்குக் கை கால் ஐம்பது, வயிறு இருபது.

அவள் கல்யாணமும் இந்தக் கணக்கில்தான் நடந்தது. உலையில் வேலை பார்த்த ஒருவர் ஒரு நாள் மாலை தனியாக வந்தார். எண்பத்திரண்டு கிலோ, உருண்டு திரண்ட ஆள். அன்றைக்குக் கூட்டம் கோணல்மாணலாக வந்துகொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் குறையும்போதெல்லாம் அவரையே மறுபடி மறுபடி ஏற்றினாள். ஏழு தடவை. எட்டாவது தடவை கூப்பிட்டபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தலை சுத்துதுங்க. இப்படி உக்காந்து எழுந்திரிக்கிறதுக்கு ஒரேயடியா கல்யாணமே பண்ணிக்கலாமே" என்றார். பண்ணிக்கொண்டார்கள். தராசுக்கு வாய்த்தவரைப் படிக்கல் என்று கூப்பிடாமல் ஊர் விடுமா? இருபது வருஷம் அந்தப் படிக்கல் ஒரு கிலோ ஏறவில்லை, ஒரு கிலோ இறங்கவில்லை. எதிர்ப் பக்கம் குறைந்தால் அவள் ஒரு குரல் கொடுப்பாள். பாதி டீயை வைத்துவிட்டு வந்து தொட்டிலில் உட்காருவார்.

பிறகு இரும்பாலை தன் மூன்று உலைகளில் இரண்டை அணைத்தது. அணைத்த வாரமே பார்க்கையும் பூட்டினார்கள். படிக்கலுக்கு ஊரின் மறுகோடியில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. தராசக்கா பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்தாள். விடுமுறை நாட்களில் பூட்டிய வாசல்வரை போய், கம்பி வழியாக ராட்டினத்தைப் பார்த்துவிட்டு வருவாள். யாராவது கேட்டால் காலாற நடந்ததாகச் சொல்வாள். இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

நிலத்தைக் கேட்டுக் கிடங்குக்காரர்கள் வந்தபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. தொழிற்சங்கச் செயலாளர் நடையாய் நடந்து ஒரு வழி பண்ணினார். ஆலை நிர்வாகம் கடைசியில் இப்படிச் சொன்னது: ராட்டினத்துக்குப் பாதுகாப்பு அனுமதி வாங்கிவிட்டால் பார்க்கை நகராட்சியிடம் கொடுக்கிறோம், வாங்க முடியாவிட்டால் நிலம் கிடங்குக்கு. ராட்டினம் ஓடினால் பார்க்கோடு முப்பது பேருக்கு வேலையும் உண்டு. அதில் மோட்டார் அறை வேலை படிக்கலுக்கு என்று செயலாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

பட்டறை ஆட்கள் மூன்று மாதம் ராட்டினத்தோடு மல்லுக்கட்டினார்கள். துரு சுரண்டி, பிரேக் மாற்றி, வண்ணம் அடித்தார்கள். ஆய்வாளர் வந்து மணல் மூட்டை ஏற்றி ஒரு நாள் பார்த்தார். அசையாமல் நின்றது. மிச்சமிருந்தது ஆளேற்றிப் பார்ப்பது மட்டும். அது மறுநாள் காலை பத்து மணிக்கு.

தராசக்காவுக்குக் கவலையே இல்லை. பதினாறு பேரை அவளே பொறுக்கியிருந்தாள். எல்லாரும் பழைய ஆட்கள், எல்லார் கனமும் அவளுக்கு மனப்பாடம். வந்தவர்களும் கல்யாணத்துக்கு வருகிற மாதிரிதான் வந்தார்கள், தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக. பார்க்கில் முன்பு டிக்கெட் கொடுத்த அவள் நாத்தனார் உதட்டுச் சாயம் கூடப் பூசியிருந்தாள். தராசக்கா ஒன்றுவிட்டு ஒரு தொட்டிலாக எட்டுத் தொட்டிலில் இரண்டிரண்டு பேரை ஏற்றினாள். படிக்கலையும் இன்னோர் உலைக்காரரையும் ஐந்தில் உட்கார வைத்தாள். எதிரே பதின்மூன்றில் நாத்தனாரும், ஆலை வாசலில் கடை வைத்திருக்கும் டெய்லரும். இரண்டு பேரும் கனத்த சரீரம்.

ஆய்வாளர் மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். "மூணு தடவை நிறுத்தச் சொல்வேன்மா. நின்னதுக்கு அப்புறம் ஒரு சாண் நகர்ந்தா பரவாயில்ல. அதுக்கு மேல நகரக் கூடாது" என்றார்.

முதல் நிறுத்தத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தது. அவள் ஏற்றிய ராட்டினம் அதுவரை நாலு விரல் தாண்டியதில்லை. இரண்டாவது நிறுத்தத்தில் ஐந்தும் பதின்மூன்றும் அச்சுத்தண்டின் மட்டத்தில் எதிரெதிராக வந்தன. பிரேக்கை இழுத்தாள். ராட்டினம் நின்றது, யோசித்தது, பதின்மூன்று பக்கமாக ஒரு முழத்துக்கு மேலே இறங்கியது. மேலே இருந்தவர்கள் வீல் என்று கத்தினார்கள்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. நேத்து மூட்டையோட நின்னுச்சே" என்றார் ஆய்வாளர், எழுதிக்கொண்டே. "நீங்க ஏத்தினதுதான் சரியில்ல. எல்லாரையும் இறக்கிட்டு இன்னொரு தடவை ஏத்துங்க. அதுலயும் நகர்ந்தா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் யானை சறுக்கினால் யானைக்குத்தான் அடி, இங்கே சறுக்கினால் ஊருக்கே பார்க் போகும். தராசக்கா எல்லாரையும் இறக்கி வரிசையாக நிறுத்தினாள். இருபது வருஷத்தில் செய்யாத காரியத்தைச் செய்தாள். வாயைத் திறந்து எடை கேட்டாள்.

கேட்டிருக்கவே வேண்டாம். நாத்தனார் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "அம்பத்தஞ்சு, அண்ணி" என்றாள். அது அவள் கல்யாணத்தன்று இருந்த எடை. இரும்பைத் தகடாக உருட்டும் பிரிவிலிருந்து வந்த உருட்டாலைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "தொண்ணூறுக்குக் குறையாது" என்றார். பெண்கள் எல்லாரும் குறைத்தார்கள், ஆண்கள் எல்லாரும் கூட்டினார்கள். பதினாறு பேரில் ஒருவர் வாயிலும் உண்மை வரவில்லை.

"எடையை இவங்ககிட்டயா கேக்கறது? என்னைக் கேளுங்க அக்கா" என்றார் டெய்லர். வெற்றிலையோ பொடியோ போடாத மனிதர், ஆனால் வாயில் எப்போதும் ஓர் ஊசியைக் கடித்துக்கொண்டிருப்பவர் மாதிரிதான் பேசுவார். "ரெண்டு வருஷமா இந்த ஊர்ச் சட்டை பூரா என் கடைக்குத்தான் வருது. புதுசு தைக்கறவன் யாருமில்ல. எல்லாம் பிடிச்சுக் குடுக்கச் சொல்லித்தான். உலைக்காரங்க ஒருத்தர் விடாம வந்திருக்காங்க. தொளதொளன்னு தெரியக் கூடாதாம்." கொஞ்சம் தயங்கினார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் சட்டையை மட்டும் மூணு தடவை பிடிச்சிருக்கேன்" என்றார்.

தராசக்கா திரும்பினாள். படிக்கல் வரிசையின் கடைசியில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரையில் எதையோ தேடுகிறவர் மாதிரி நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். உலைக்காரர், எண்பத்திரண்டு என்று பார்க்காமல், வெறும் ஆளாகப் பார்த்தாள். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தின் பட்டையில் புதிதாக இரண்டு துளைகள் இருந்தன. அறுபத்து நாலு. அதற்கு மேல் ஒரு கிலோ சொல்ல முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இந்த மனிதர் பதினெட்டுக் கிலோவைத் தையலில் மறைத்திருக்கிறார். அதுவும் யாரிடம்? ஊருக்கே தராசு என்று பேர் வாங்கினவளிடம்! அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து அவளுக்கு அழுகை வந்தது.

"எப்போலேர்ந்துங்க இப்படி?"

"கிடங்கு வேலை அப்படி. அதிலேயே கரைஞ்சுடும்" என்றார் படிக்கல்.

"மத்தியானம் சாப்பிடறீங்களா இல்லையா?"

"லாரி நின்னா இறக்கித்தான் ஆகணும். சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு அங்க கிடையாது. சாயங்காலம் திறந்தா ஊசிப் போயிருக்கும். அப்படியே கொண்டு வந்தா நீ கேப்பே. அதான், தெருமுனையில அந்த நாய்க்கு வச்சிடுவேன்."

"அந்த நாய் அஞ்சு கிலோ ஏறிடுச்சுன்னு போன மாசம்கூட உங்ககிட்ட சொன்னேனே!"

"சொன்னே" என்றார் அவர். "நான்தான் ஒண்ணும் சொல்லல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் அழுகை நடுவிலே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் அங்கே நின்று அழ நேரம் இல்லை. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தவறு எங்கே என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவள் ஏற்றியது இந்தப் பதினாறு பேரை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று உலையும் எரிந்தபோது இருந்த பதினாறு பேரை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையின் முதல் ஆளிடம் போனாள். டெய்லரைக் கூடவே வரச் சொன்னாள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். அவர்களும் இந்தத் தடவை நெஞ்சை நிமிர்த்தவில்லை, வயிற்றை எக்கவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் டெய்லரைப் பார்ப்பாள்.

"இவருக்கு?"

"ரெண்டு இஞ்ச் பிடிச்சேன்."

"இவங்களுக்கு?" நாத்தனாரைக் காட்டிக் கேட்டாள்.

"இவங்களுக்குப் பிரிச்சு விட்டேன். இனிமே பிரிக்கத் துணி இல்ல."

"உன் கடைப் பக்கம் இனிமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்யா" என்றாள் நாத்தனார். டெய்லர் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

இந்தத் தடவை ஒரு தொட்டில்கூடப் பழையபடி அமையவில்லை. இரண்டு உலைக்காரர்களுக்கு எதிரே இரண்டு ஆபீஸ் ஆட்கள் சரியாக இருந்தார்கள். நாத்தனாருக்கு எதிரே உருட்டாலைக்காரர். படிக்கலை, ஆணிப் பிரிவில் தன்னோடு வேலை பார்த்த தோழியோடு சேர்த்து மூன்றில் ஏற்றினாள். தோழி பிரிவு மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்து நன்றாகவே பூசியிருந்தாள். கம்பியைப் பூட்டும்போது அவர் மெதுவாக, "பயப்படாதே, சரியா ஏத்தியிருக்கே" என்றார். "நீங்க பேசாம உக்காருங்க" என்றாள்.

முதல் நிறுத்தத்தில் ராட்டினம் மூன்று விரல் நகர்ந்தது. இரண்டாவதில் நாலு விரல். மூன்றாவது நிறுத்தத்துக்கு ஆய்வாளர் வேண்டுமென்றே திடீரென்று கையைக் காட்டினார். அவள் பிரேக்கை இழுத்தாள். தொட்டில்கள் தாம் இருந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடின, சக்கரம் அசையவில்லை. ஆய்வாளர் குனிந்து, சாக்பீஸால் போட்ட கோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "சரியா இருக்கும்மா" என்றார். கீழே நின்ற பட்டறை ஆட்கள் போட்ட கூச்சலில், மேலே இருந்தவர்கள் ஏதோ ஒடிந்துவிட்டதாக நினைத்துக் கம்பியைக் கட்டிக்கொண்டார்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. எந்தத் தொட்டிலில் யார், எடை எவ்வளவு. எடை இயந்திரம் எங்கே என்று கேட்டார் ஆய்வாளர். செயலாளர் தராசக்காவைக் கைகாட்டினார். ஆய்வாளர் ராட்டினத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேனாவை அவளிடமே கொடுத்தார். நாத்தனார் தோள் வழியாக எட்டிப் பார்க்கவே, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். மூன்றாம் தொட்டில் வந்தபோது பேனா நின்றது. பிறகு அறுபத்து நாலு என்று எழுதினாள்.

"அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான்" என்றார் ஆய்வாளர். "அடுத்த வருஷம் இதே மாதிரி ஆளேத்திக் காட்டணும்."

தராசக்கா படிக்கல் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? அடுத்த வருஷம் இந்த இடத்துல எண்பத்திரண்டுன்னு எழுதணும்."

"எழுபத்தஞ்சு போதாதா?"

"போதாது. எழுபத்தஞ்சுன்னா ராட்டினத்துல ஏத்த மாட்டேன்."

செயலாளர் வாசலில் காத்திருந்த ஜனத்துக்கு விஷயத்தைச் சொல்ல அவளையும் கூப்பிட்டார். நாற்காலிமேல் ஏறி நின்று அவள்தான் சொல்ல வேண்டுமாம். "நீங்களே சொல்லுங்க, எனக்கு வேலை இருக்கு" என்று அவரை அனுப்பிவிட்டாள். ராட்டினத்தின் படியில் படிக்கலை உட்கார வைத்தாள். தன் பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தாள்.

"மணி பதினொண்ணு கூட ஆகலையே" என்றார்.

"ஆகலன்னா என்ன? சாப்பிடுங்க."

வாசல் பக்கம் கைதட்டல் கேட்டது. ஜனம் உள்ளே ஓடி வரத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, ஒவ்வொரு வாயையும் அவர் மென்று விழுங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.